மூடாத தொட்டி, மூடிய கதவு

அரசு அமைப்பின் மீது போட்ட வழக்கு தள்ளுபடியானால் அத்தோடு முடிந்துவிட்டதா?

சென்னையில் பத்தடி ஆழமுள்ள கழிவுநீர்த் தொட்டி ஒன்று மூடியில்லாமல் கிடந்தது. ஆறு வயதுப் பையன் அதில் விழுந்து இறந்துபோனான். பையனின் தாய் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டார். கேட்டது ஐம்பதாயிரம் ரூபாய் இழப்பீடு. மனு தள்ளுபடி ஆனது.

குழந்தை இறந்ததில் சந்தேகம் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. எதிர்மனுதாரர்கள் பலர், அவர்களில் தொட்டியைத் திறந்து போட்டது யார் என்று ரிட் விசாரணையில் கண்டுபிடிக்க முடியாது என்றது. ரிட் விசாரணை பிரமாணப் பத்திரங்களின் பேரில் நடப்பது. அங்கே சாட்சிக் கூண்டு கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது. எனவே யார் அலட்சியம் என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைக்காது என்பது சட்டப்படி சரியாகவே ஒலிக்கும் வாதம். ஆனால் அந்த விடையைத் தேட வேண்டிய வேலை பிள்ளையைப் பறிகொடுத்தவளின் தலையில் ஏன் விழ வேண்டும்? எந்தத் தொட்டி எந்த அலுவலகத்தின் பொறுப்பு என்று ஒரு தாய்க்கு எப்படித் தெரியும்?

அவர் அத்தோடு விடவில்லை. வழக்கு டெல்லிக்குப் போனது. 1992இல் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத்தின் உத்தரவை ரத்து செய்தது. ஐம்பதாயிரம் ரூபாயை, 1990 ஜனவரி 1 முதல் 12 சதவீத வட்டியோடு, ஆறு வாரத்துக்குள் தமிழ்நாடு அரசு கொடுக்க வேண்டும் என்றது. தொட்டியைத் திறந்து போட்டது வேறு அமைப்பு என்றால், அந்தப் பணத்தை அரசு அவர்களிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. அதாவது, அம்மாவுக்கு முதலில் கொடுங்கள், உங்கள் வீட்டுக் கணக்கைப் பிறகு தீர்த்துக்கொள்ளுங்கள். மிகச் சுருக்கமான தீர்ப்பு. என் பார்வையில், அரசு அமைப்புகளுக்கு எதிரான இழப்பீட்டு வழக்குகளில் தமிழ்நாட்டிலிருந்து போய் வந்த தீர்ப்புகளிலேயே இதற்குத்தான் முதல் மரியாதை தர வேண்டும். யார் குற்றவாளி என்ற புதிரை அவிழ்க்கும் சுமையை, அவிழ்க்க வசதியுள்ளவரின் தோளுக்கே அது மாற்றிவிட்டது.

இன்றைக்குச் சென்னைத் தெரு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. அதே தெருவில் ஓடும் கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது. தெரு போய்ச் சேரும் பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. குழி தோண்டியவர் ஒப்பந்தக்காரர். இதில் ஒரு பள்ளத்தில் ஆள் விழுந்தால் நான்கு பேரும் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள். நான்கு எதிர்வாதங்கள், நான்கு வக்கீல்கள். எதிரே, பறிகொடுத்த ஒரு குடும்பம்.

எந்த வகைத் தள்ளுபடி?

“கேஸ் தள்ளுபடி ஆயிடுச்சு” என்று கோர்ட் வாசலில் குமாஸ்தா சொல்வதைக் கேட்டதுமே பாதிப் பேர் கட்டைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறார்கள். எதற்காகத் தள்ளுபடி என்று கேட்பதில்லை. மேல்முறையீடு உண்டா, இருந்தால் எங்கே, எத்தனை நாளில் என்பதெல்லாம் அந்த ஒற்றைக் கேள்வியில்தான் இருக்கிறது.

வாய்தா அன்று வாதியும் வரவில்லை, வக்கீலும் வரவில்லை என்பதால் தள்ளுபடியானால், அதற்கு மேல்முறையீடு தேவையில்லை. அதே நீதிமன்றத்தில், வராததற்கான காரணத்தைச் சொல்லி, வழக்கை மறுபடி கோப்பில் எடுக்கச் சொல்லி மனு போடலாம். முப்பது நாள் அவகாசம். சிவில் வழக்கில் விசாரணைக்கே போகாமல் வாதுரையை நிராகரித்துவிட்டால் அது வேறு கதை. அந்த உத்தரவுக்குச் சட்டப்படி தீர்ப்பாணைக்கு உரிய மதிப்பு உண்டு என்பதால் மேல்முறையீடு போகலாம். குறையைச் சரிசெய்து, காலக்கெடுவும் மிச்சமிருந்தால், புதிதாகவே வழக்குப் போடவும் இடமுண்டு. சாட்சியம் எல்லாம் பதிவாகி, இரு தரப்பும் வாதாடி, உன் பக்கம் நியாயம் இல்லை என்று தீர்ப்பானால் அதுதான் உண்மையான தோல்வி. மேல்முறையீட்டில் கடினமான ஏற்றமும் அங்கேதான்.

நான்காவதாக ஒன்று உண்டு. அரசு மீதான வழக்குகளில் இதுதான் அடிக்கடி வந்து இடிக்கும்: நீ தட்டிய கதவு தவறு, வேறு கதவைத் தட்டு என்கிற தள்ளுபடி. தொட்டி வழக்கில் உயர் நீதிமன்றம் சொன்னது அதுதான். இந்த வகையில் உத்தரவின் கடைசிப் பத்தியைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டும். “சிவில் நீதிமன்றத்தை அணுக மனுதாரருக்கு உரிமை உண்டு” என்று ஒரு வரி இருக்கிறதா? இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இல்லையென்றால், அந்த ஒரு வரியைக் கேட்டு வாங்குவதற்காகவே மேல்முறையீடு செய்தாலும் தப்பில்லை.

தவறான கதவு என்று சொல்லப்படும்போது அடிவயிறு கலங்குவது இன்னொரு காரணத்தால். விபத்தில் ஒருவர் இறந்தால், அவர் குடும்பம் சிவில் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்பது 1855ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றின் கீழ். வெள்ளைக்காரன் காலத்தில் ரயில் ஓடத் தொடங்கிய சமயத்தில் போட்ட சட்டம். இன்றும் உயிரோடு இருக்கிறது. அதன்படி வழக்குப் போட இறந்த நாளிலிருந்து இரண்டே ஆண்டுதான் கெடு. ரிட் மனு பட்டியலில் வந்து, தள்ளி, மறுபடி வந்து, தீர்ப்பாகும்போது ஐந்தாறு ஆண்டு ஓடியிருக்கும். அப்புறம் “சிவில் கோர்ட்டுக்குப் போ” என்றால் எப்படிப் போவது? இதற்காகத்தான் காலவரையறைச் சட்டத்தில் 14ஆவது பிரிவு இருக்கிறது. நல்லெண்ணத்தோடும் அக்கறையோடும் அதிகாரம் இல்லாத நீதிமன்றம் ஒன்றில் வழக்கை நடத்திக்கொண்டிருந்த காலத்தை அது கழித்துவிடும். பல குடும்பங்களுக்கு இந்தப் பிரிவு இருப்பதே தெரியாது.

கும்பினியாரின் நிழல்

அரசு செய்த தவறுக்கு அரசு பணம் தர வேண்டுமா என்ற கேள்விக்கு நம் அரசியலமைப்பின் 300ஆவது பிரிவு தரும் பதில் வேடிக்கையானது. அரசு மீது வழக்குப் போடலாம் என்கிறது. எந்த அளவுக்கு என்றால், அரசியலமைப்பு வருவதற்கு முன்பு இருந்த அளவுக்கு. அந்த முன்பைப் பிடித்துக்கொண்டு 1935, 1915 என்று பின்னால் நடந்தால் 1858இல் போய் நிற்போம், கிழக்கிந்தியக் கம்பெனியின் வாசலில். கும்பினியார் மீது அந்த வழக்கு நின்றிருக்குமா என்பதுதான் அளவுகோல். சுதந்திர நாட்டில் மாநகராட்சிப் பள்ளத்தில் விழுந்தவனுக்கு நியாயம் சொல்ல இப்படியொரு அளவுகோல்!

அளவுகோலுக்கு உருவம் கொடுத்தது 1861ஆம் ஆண்டின் கல்கத்தா வழக்கு. கிதர்பூர் அரசுக் கப்பல் தளத்தின் வேலையாட்கள் கனமான இரும்புத் துண்டு ஒன்றைச் சாலையில் தூக்கிப் போனார்கள். குதிரை வண்டி ஒன்று நெருங்கியதும் பயந்துபோய் இரும்பைக் கீழே போட்டார்கள். சத்தத்தில் குதிரை மிரண்டு காயம்பட்டது. வண்டிக்குச் சொந்தக்காரரான கப்பல் கம்பெனிக்காரர் கேட்டது முந்நூற்றைம்பது ரூபாய். தலைமை நீதிபதி பார்ன்ஸ் பீகாக், கப்பல் தளம் நடத்துவது எந்த வியாபாரியும் செய்யக்கூடிய காரியம், எனவே அரசு பணம் தர வேண்டும் என்றார். கூடவே, இறையாண்மை சார்ந்த காரியம் என்றால் தர வேண்டியதில்லை என்றும் ஒரு கோடு போட்டுவிட்டார். குதிரைக்கு நியாயம் கிடைத்தது. மனிதர்களுக்கு அந்தக் கோடு நூறு ஆண்டுக்கும் மேல் குறுக்கே கிடந்தது.

உதயப்பூரில் 1952 பிப்ரவரியில் கலெக்டரின் ஜீப், பழுது பார்த்த இடத்திலிருந்து திரும்பி வரும்போது நடந்து போனவர் ஒருவரை மோதிக் கொன்றது. இளம் மனைவியும் மூன்று வயது மகளும் இருபத்தையாயிரம் ரூபாய் கேட்டு வழக்குப் போட்டார்கள். விசாரணை நீதிமன்றம் டிரைவர் மீது மட்டும் தீர்ப்பளித்தது. அரசு மீதான வழக்கு தள்ளுபடி. தற்காலிக டிரைவரிடம் எதை வசூலிப்பது? மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அரசும் பொறுப்பு என்று பதினைந்தாயிரம் வழங்கியது. இப்போது மேல்முறையீடு செய்தது அரசு. 1962இல் தலைமை நீதிபதி பி.பி. சின்ஹா தலைமையிலான அமர்வு, குடியரசான ஒரு நாட்டில் தன் ஊழியன் செய்த தவறுக்கு அரசு மட்டும் பொறுப்பிலிருந்து விலகி நிற்க நியாயம் இல்லை என்ற நோக்கில் உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்தது. தள்ளுபடியான வழக்கை அந்தப் பெண் எடுத்துக்கொண்டு மேலே போகாமல் இருந்திருந்தால் இந்தச் சட்டமே பிறந்திருக்காது.

ஆனால் மேலே போனவர்களெல்லாம் ஜெயித்துவிடவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும். 1947 செப்டம்பரில் அமிர்தசரஸ் நகை வியாபாரி ஒருவர் தங்கமும் வெள்ளியுமாக மீரட் வந்தார். போலீஸ்காரர்கள் பிடித்து, நகைகளைப் பறிமுதல் செய்து, மறுநாள் ஜாமீனில் விட்டார்கள். வெள்ளி திரும்பி வந்தது. தங்கம் நூறு தோலாவுக்கு மேல். அதைப் பொறுப்பில் வைத்திருந்த தலைமைக் காவலர் அதோடு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். கீழ் நீதிமன்றத்தில் வியாபாரிக்கு வெற்றி. உயர் நீதிமன்றத்தில் தோல்வி. 1964இல் உச்ச நீதிமன்றத்திலும் தோல்வி. கைது செய்வதும் பறிமுதல் செய்வதும் இறையாண்மைக் காரியம், எனவே அரசு பொறுப்பில்லை என்றது தீர்ப்பு. எழுதியவர் தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர். இது நியாயமான நிலை இல்லை, சட்டமன்றங்கள் சட்டம் போட்டுச் சரிசெய்ய வேண்டும் என்று அவரே எழுதியும் வைத்தார். கொள்ளை போன தங்கத்துக்கு ஆறுதல் வார்த்தைதான் மிச்சம்.

முப்பது ஆண்டு கழித்து, 1994இல், காற்று திசை மாறியது. ஆந்திராவில் ஒரு வியாபாரியின் உரமும் தானியமும் அதிகாரிகள் கைப்பற்றி வைத்திருந்ததில் பாழாகிவிட்டன. விசாரணை நீதிமன்றத்தில் கிடைத்த தீர்ப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஆர்.எம். சகாய், அரசு அலட்சியமாக இருந்துவிட்டு இறையாண்மை என்ற குடையின் கீழ் ஒதுங்க முடியாது என்று அந்த வியாபாரிக்கு நியாயம் செய்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான், போலீஸ் காவலில் மகனைப் பறிகொடுத்த ஒடிசாத் தாய் ஒருவரின் வழக்கில், அடிப்படை உரிமை பறிபோகும் இடத்தில் இறையாண்மை என்ற சாக்கே எடுபடாது என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது.

அறுந்து விழுந்த கம்பி

தொட்டி வழக்கின் தீர்ப்பு வந்ததும் எல்லோருக்கும் ரிட் கதவு திறந்துவிட்டதாக நினைத்தால் ஏமாந்துபோவோம். 1999இல் ஒடிசா வழக்கு ஒன்று வந்தது. இடி மழையில் அறுந்து கிடந்த மின்கம்பியை மிதித்து ஒருவர் இறந்தார். உயர் நீதிமன்றம் ரிட் மனுவிலேயே ஒரு லட்சம் கொடுத்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மின்நிறுவனம் தன் பக்கம் அலட்சியம் இல்லை என்று மறுக்கிறது, உண்மை எது என்பது தகராறில் இருக்கிறது, எனவே சிவில் நீதிமன்றம் போ என்றது. அடுத்த ஆண்டே தமிழ்நாடு மின்வாரியத்தின் மேல்முறையீட்டிலும் இதே கதை. மின்சாரம் தாக்கி இறந்தவர்களின் ரிட் வழக்குகளில் இழப்பீட்டைக் கணக்கிட உயர் நீதிமன்றம் நடுவரிடம் அனுப்பியிருந்தது. அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அலட்சியம் கண்கூடாகத் தெரிந்தால் ரிட் மனுவில் கொடுக்கலாம், தகராறு இருந்தால் கூடாது என்பது அதன் சாரம்.

இங்கேதான் இந்தக் கட்டுரையாளனுக்குக் கோபம் வருகிறது. அலட்சியம் கண்கூடா, தகராறா என்பதை முடிவு செய்வது யார்? அரசு அமைப்பு தன் எதிர்வாதத்தில் “மறுக்கிறோம்” என்று ஒரு வார்த்தை எழுதினாலே தகராறு உண்டாகிவிடுகிறது. மறுக்காத அரசு அமைப்பை யார் பார்த்திருக்கிறார்கள்? தொட்டி வழக்கில் இருந்த தெளிவை இந்த இரண்டு தீர்ப்புகளும் மங்கடித்துவிட்டன என்பதே என் கருத்து.

ஆனால் சிவில் நீதிமன்றம் போனவர்களுக்கு 2002இல் நல்ல செய்தி வந்தது. மத்தியப் பிரதேசத்தில், மழைநீர் தேங்கிய சாலையில் இரவில் சைக்கிளில் வீடு திரும்பியவர் தண்ணீரில் கிடந்த மின்கம்பியால் இறந்தார். யாரோ திருட்டு மின்சாரம் எடுக்கக் கம்பி கட்டினார்கள், அது அவிழ்ந்து விழுந்தது, எங்கள் குற்றம் இல்லை என்றது மின்வாரியம். நீதிபதி கே.டி. தாமஸ் எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. இத்தனை ஆபத்தான பொருளைக் கையாள்பவர், அலட்சியம் இருந்ததோ இல்லையோ, அதனால் விளையும் சாவுக்குப் பொறுப்பு என்றது. இந்த ஒரு தீர்ப்பைக் கையில் வைத்திருந்தால், மின்விபத்து வழக்கில் “அலட்சியத்தை நிரூபிக்கவில்லை” என்று தள்ளுபடி செய்த கீழ் நீதிமன்றத் தீர்ப்பை மேல்முறையீட்டில் அசைக்கலாம்.

எதை வைத்து அசைப்பது என்பது அடுத்த கேள்வி. மேல்முறையீட்டு நீதிமன்றம் புதிய சாட்சியத்தை எளிதில் ஏற்காது. கீழே பதிவான காகிதங்களைத்தான் புரட்டும். எனவே அந்தக் காகிதங்கள் முதலிலேயே உள்ளே போயிருக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றை எல்லோரும் கொடுத்துவிடுவார்கள். மின்விபத்து என்றால் மின் ஆய்வாளர் அறிக்கை என்று ஒன்று உண்டு. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், 161ஆவது பிரிவு, விபத்து நடந்தால் அதைப் பற்றித் தகவல் தரச் சொல்கிறது, ஆய்வாளர் விசாரிக்கவும் வழி செய்கிறது. வாரியத்தின் சொந்தக் குறையை வாரியத்துக்கு வெளியே இருக்கும் ஒரு அதிகாரி எழுதிய காகிதம் அது. அதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள் என்று அனுபவப்பட்ட வக்கீல்கள் முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

இடையில் ஒரு சிறு வேடிக்கை. தமிழ்நாடு மின்வாரியம் 2010இல் டான்ஜெட்கோ, டான்டிரான்ஸ்கோ என்று பிரிந்தது. 2024இல் டான்ஜெட்கோவும் பிரிந்து பெயர் மாறியது. வாரியத்தின் பேரில் போட்ட பழைய வழக்கு மேல்முறையீட்டுக்கு வரும்போது எதிர்மனுதாரர் பெயரைத் திருத்துவதற்கே ஒரு மனு போட வேண்டியிருக்கும்.

நாள் எண்ணும் கணக்கு

உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி ரிட் மனுவைத் தள்ளுபடி செய்தால், இரு நீதிபதிகள் அமர்வுக்கு ரிட் அப்பீல் போக 30 நாள். சிவில் வழக்கில் கீழ் நீதிமன்றத் தீர்ப்பை மாவட்ட அளவில் எதிர்த்தால் 30 நாள், உயர் நீதிமன்றத்தில் எதிர்த்தால் 90 நாள். உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு போட 90 நாள். நகல் கேட்டு மனு போட்டு, நகல் கைக்கு வரத் தேவையான காலத்தை இதில் கழித்துக்கொள்ளலாம். ஆகவே தீர்ப்பு சொன்ன அன்றே நகல் மனு போட்டுவிட வேண்டும். கெடு முடிந்த பிறகு நகலுக்கு மனு போட்டால் கழிக்க எதுவும் இருக்காது.

தாமதமாகிவிட்டால், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு ஒன்றையும் சேர்த்துப் போட வேண்டும். அது தீரும் வரை மேல்முறையீட்டுக்கு எண் கிடைக்காது. “எஸ்.ஆர். ஸ்டேஜிலேயே நிக்குது சார்” என்று மெட்ராஸ் ஹைகோர்ட் தாழ்வாரத்தில் கேட்கும் பேச்சு இதைப் பற்றியதுதான். மன்னிப்பு மனுவே இரண்டு மூன்று ஆண்டு கிடந்த கதைகள் உண்டு.

அரசு தாமதித்தால்? 1987இல் காஷ்மீர் நில எடுப்பு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விளக்கம் கேட்டுக் கழுத்தைப் பிடிக்க வேண்டாம், தாராளமாகப் பாருங்கள் என்றது. அங்கே தாமதித்தது அரசு. நான்கு நாள்தான் தாமதம் என்பது வேறு. அந்தத் தாராளத்தை அரசுத் துறைகள் கால் நூற்றாண்டு தின்று தீர்த்தன. 2012இல் தபால் துறை 427 நாள் தாமதமாக வந்தபோதுதான், கோப்பு மேசைக்கு மேசை நகர்ந்தது என்ற பழைய பாட்டை இனிக் கேட்க முடியாது என்று நீதிமன்றம் கதவைச் சாத்தியது. 2020இல் மத்தியப் பிரதேச அரசு 663 நாள் கழித்து வந்தது. நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் அமர்வு இருபத்தையாயிரம் ரூபாய் அபராதம் போட்டு, அதைத் தாமதத்துக்குக் காரணமான அதிகாரிகளிடம் வசூலிக்கச் சொன்னது. இப்படி வரும் வழக்குகளுக்கு “சான்றிதழ் வழக்கு” என்று பெயரும் சூட்டியது. தள்ளுபடியாகும் என்று தெரிந்தே அரசு மேல்முறையீடு செய்யும். உச்ச நீதிமன்றமே தள்ளிவிட்டது என்ற சான்றிதழைக் கோப்பில் வைத்து மூடிவிட்டால், தூங்கிய அதிகாரியை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். குடிமகனுக்குத் தள்ளுபடி என்றால் இழவு வீடு. அதிகாரிக்கு அது ரசீது.

சிவில் வழக்குக்கு முன்பே அரசுக்கு ஒரு சலுகை இருக்கிறது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80ஆவது பிரிவு நோட்டீஸ். வழக்குப் போடுவதற்கு இரண்டு மாதம் முன்னால் எழுதித் தெரிவிக்க வேண்டும். அந்த இரண்டு மாதம் முடிவதற்குள் வழக்குப் போட்டார் என்பதற்காகவே பிகாரில் ஒருவரின் வழக்கு தள்ளுபடியாகி, 1984இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நியாயம் தெரிந்தால் அரசே தீர்த்துக்கொள்ளட்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு. நடப்பில் பதிலே வராது. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்து, நோட்டீஸ்களுக்குப் பதில் சொல்லவே ஓர் அதிகாரியை ஒவ்வோர் அரசும் மூன்று மாதத்துக்குள் நியமிக்க வேண்டும், ஒழுங்காகப் பதில் சொல்லாவிட்டால் செலவுத் தொகை விதிக்கப்படும் என்றது. உங்கள் ஊர் நகராட்சி அலுவலகத்தில் அப்படி யாராவது உட்கார்ந்திருக்கிறாரா என்று விசாரித்துப் பாருங்கள்.

தள்ளுபடிகளில் கடைசிப் படி டெல்லியில். சிறப்பு அனுமதி மனுவை உச்ச நீதிமன்றம் காரணம் எதுவும் சொல்லாமல் ஒரே வரியில் தள்ளுபடி செய்துவிட்டால், உயர் நீதிமன்றத் தீர்ப்பு சரி என்று அது சொல்லிவிட்டதாகப் பொருள் இல்லை. 2000ஆம் ஆண்டில் கேரள வன நில வழக்கு ஒன்றில் மூன்று நீதிபதிகள் இதைத் தெளிவாக்கினார்கள். அனுமதி மறுத்தோம், அவ்வளவுதான். உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு போடும் வழி அதனால் அடைபடாது. சீராய்வில் ஜெயிப்பது அபூர்வம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பணம்

ரிட் மனுவுக்கு நீதிமன்றக் கட்டணம் சொற்பம். ரிட்டை எல்லோரும் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். சிவில் வழக்கில் கேட்கும் தொகைக்கு ஏற்பக் கட்டணம் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏழரை என்று இருந்ததை 2017இல் மூன்றாகக் குறைத்தார்கள். இருபது லட்சம் இழப்பீடு கேட்டால் அறுபதாயிரம். சம்பாதித்துப் போட்டவரைப் பறிகொடுத்த குடும்பம் எங்கே போகும்? கட்ட வசதியில்லாதவர் என்று நிரூபித்துக் கட்டணமில்லாமல் வழக்கு நடத்தச் சட்டத்தில் இடம் உண்டு. மேல்முறையீட்டுக்கும் உண்டு. அதைவிட எளிய வழி, 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் தர வேண்டும். கட்டணத்தையும் ஆணையமே பார்த்துக்கொள்ளும். மேல்முறையீட்டுக்கு இது பொருந்தாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வராத சட்டம்

அரசு அமைப்புகள் செய்யும் தவறுக்கு யார், எவ்வளவு, எந்த நீதிமன்றத்தில் பொறுப்பு என்று ஒரே சட்டத்தில் எழுதிவிட்டால் இந்தக் கதவா அந்தக் கதவா என்ற அலைச்சல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அமெரிக்கா 1946இலும் பிரிட்டன் 1947இலும் எழுதிக்கொண்டன. நம் சட்ட ஆணையம், எம்.சி. செதல்வாத் தலைமையில், 1956இல் கொடுத்த முதல் அறிக்கையே இதைப் பற்றியதுதான். ஆணையத்தின் முதல் வேலை! 1965இல் ஒரு மசோதா, 1967இல் இன்னொன்று. இரண்டும் சட்டமாகவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ அரசுகள் வந்தன, போயின. எந்தக் கட்சிக்கும் இதில் அவசரம் வரவில்லை. தன் மீது தானே வழக்குப் போட வசதி செய்து தர எந்த அரசுக்கு ஆசை வரும்? அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருபவரிடம், சாலைப் பள்ளத்தைப் பற்றிக் கேட்கும்போது, அந்த 1956 அறிக்கையைப் பற்றியும் கேளுங்கள்.

உங்கள் கையிலோ பக்கத்து வீட்டார் கையிலோ தள்ளுபடி உத்தரவு ஒன்று இப்போது இருக்கிறதென்றால், அதன் தேதியையும் கடைசிப் பத்தியையும் முதலில் பாருங்கள். முப்பது நாள் தாண்டவில்லை என்றால் நாளைக் காலை நகல் மனு போடுங்கள். தாண்டியிருந்தால் தாமதத்துக்கான காரணத்தை ஆதாரத்தோடு எழுதி வையுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணையத்தின் அலுவலகம் இருக்கிறது. தொலைபேசி எண் 15100.